புளியங்கொட்டைப் போர்வை

கள்ளக்குறிச்சியில் வாடகைக்குக் கிடைத்த அந்தப் பழைய ஓட்டு வீட்டில் ருக்சார் முதலில் இறக்கி வைத்தது தையல் மிஷினைத்தான். மகள் ஜன்னத்துக்கு ஏழு வயது. பேச்சு கம்மி, தூக்கம் அதைவிடக் கம்மி. எப்போது படுக்க வைத்தாலும் சற்று நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்துவிடுவாள். மேலே கொஞ்சம் கனம் இருந்தால் குழந்தை அடங்கித் தூங்கும், கனப் போர்வை என்றே ஒன்று விற்கிறது என்றார் டாக்டர். விலையைக் கேட்டதும் ருக்சாருக்கும் தூக்கம் போய்விட்டது.

நானே தைத்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். இரண்டு துணிகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கனமாக எதையாவது போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். பரண்மேல் ஒரு மூட்டை புளியங்கொட்டை கிடந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, அள்ளி அள்ளிப் போட்டாள்.

பக்கத்து வீட்டுக் கோகிலவாணி எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள்.

"இன்னா ருக்சாரு இது? புளியமரத்தடியிலயே யாரும் படுக்க மாட்டாங்க. நீ கொட்டையக் கொண்டாந்து புள்ள மேல போத்தப் போறியா? அது உனக்கு முன்ன இந்த வூட்டுல இருந்த தைலம்மா மூட்ட. கல்வராயன் மலப் புளிய வாங்கியாந்து இங்கதான் ஒக்காந்து கொட்ட தட்டிக்கினு இருக்கும். தட்டிக்கினு இருக்கசொல்லவே சாஞ்சி செத்துப்போச்சு. பாவம், ஒண்டிக்கட்ட."

"வூட்டுல சும்மா கெடந்தா ஒண்ணும் பண்ணாது, தெச்சா மட்டும் பண்ணுமாக்கா?"

மறுநாள் பிற்பகலில் போர்வை தயாரானது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது, கரண்டும் போனது. ருக்சார் பிஸ்மி சொல்லிப் போர்த்திவிட்டாள். ஜன்னத் ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே தூங்கிப்போனாள். ருக்சாருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு அமைதியாக அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கழுவிய கொட்டையின் வாடை அல்ல. அப்போதுதான் ஓடு உடைத்த புதுப்புளியின் வாடை, அறை முழுக்க.

டக்.

டக். டக்.

போர்வைக்குள்ளிருந்து.

கால்மாட்டில் ஒரு கட்டம் அமுங்கியது. பிறகு அடுத்தது. யாரோ கட்டிலில் ஏறி, மெல்லச் சாய்ந்து, குழந்தையின் மேலேயே படுப்பதுபோலத் தோள்வரை அமுங்கிக்கொண்டே வந்தது.

ஜன்னத்துக்கு மூச்சுத் திணறியது.

ருக்சார் போர்வையைப் பிடித்து இழுத்தாள். சற்று முன் ஒற்றைக் கையால் உதறிய போர்வை, இரண்டு கையாலும் அசையவில்லை.

பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் போர்வை போனால் மகளின் தூக்கமும் போய்விடும். அதை எவளுக்காகவும் விடுவதாக அவள் இல்லை.

குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"இந்தாம்மா, கொட்ட உன்னுதா இருக்கலாம். புள்ள என்னுது. அவள நசுக்குனியோ, ஒரு கொட்ட வுடாம வறுத்துத் தின்னுடுவேன், பாத்துக்கோ!"

சத்தம் நின்றது. கனம் மெல்ல இறங்கியது. ஜன்னத்தின் மூச்சு சீரானது.

சற்று நேரத்தில் அவள் பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, அவங்களுக்குத் தலகாணி வேணுமாம்."

மகள் முழுதாக ஒரு வாக்கியம் பேசி ருக்சார் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதெல்லாம் கெடையாது. தரையில படுத்துக்கச் சொல்லு."

ஜன்னத் சுவர்ப் பக்கம் திரும்பி அதை அப்படியே சொன்னாள். மறுபடி தூங்கிப்போனாள்.

கட்டிலுக்கு அடியில், வெறும் சிமெண்டுத் தரையில், யாரோ முனகிக்கொண்டே புரண்டு படுத்தார்கள்.