நான்கு பதினொன்றுக்கு அணையும் விளக்கு

ஞாயிறு மாலை நான்கு பதினொன்றுக்கு, சுகன்யாவின் மேசைக் கணினியில் இணையத்துக்காகச் செருகியிருந்த வலைக்குச்சியின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது. மெல்போர்னிலிருந்து பேசிக்கொண்டிருந்த மகன் யுகேந்திரன், பல் டாக்டரிடம் உட்கார்ந்தவன் மாதிரி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்தான்.

அடுத்த நிமிடம் அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹேமாக்கா, பாத்தீங்களா, போச்சு! பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயி ஒத்தையில கெடக்கற புள்ள. வாரத்துல ஒருநாள் மூஞ்சியப் பாக்கறேன். விரல் நீளம் இல்லாத ஒரு குச்சிக்கு அதும் பொறுக்கலீங்க்கா."

ஹேமலதா உச்சுக்கொட்டினாள். சிங்காநல்லூரில் அந்த ஏழு மாடிக் கட்டடம் முழுக்கவும் பன்னிரண்டு வாரங்களாக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது.

மின்பஞ்சத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தேவைமானி வந்துவிட்ட காலம் அது. மணிக்கட்டுப் பட்டை நாடியைப் பார்க்கும். திரைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் குமிழ் கருவிழியைப் பார்க்கும். ஒரு பொருள் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று நம்மைக் கேட்காமலே மானி நூற்றுக்கு இத்தனை என்று எண் போடும். வேண்டாததற்கு மின்சாரம் கிடையாது. மாமனார்கள் அறிவுரை சொல்லும்போது கூடத்து விளக்குகள் மங்கின. யாரும் வாய் திறந்து யாரையும் புண்படுத்தத் தேவையில்லாமல் போயிற்று.

பதின்மூன்று வாரம் தொடர்ந்து வீணான இணைப்புகளைப் பெயரோடு அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவார்கள். வீண் பட்டியல். அதை முதலில் வாசிப்பவள் சுகன்யாதான். போன தடவை மூன்றாம் மாடிக்காரி தன் தங்கையோடு பேசும் இணைப்பு அதில் வந்தது. "கூடப் பொறந்தவகிட்டப் பேசறதே வீணாமா, கேட்டுக்கோங்க" என்று சுகன்யா ஏழு மாடியும் ஏறி இறங்கினாள். அன்றைக்கு முழங்கால் வலி கூட அவளுக்கு நினைவில்லை.

குச்சிதான் கோளாறு என்று முதலில் சொன்னவன் யுகேந்திரன். "உன் கம்ப்யூட்டர் அரதப்பழசும்மா, அந்தக் குச்சிய நம்பித்தான் இருக்கு. மாத்திப் பாரு." மாற்றினாள். இப்போது செருகியிருப்பது மூன்றாவது குச்சி.

செவ்வாய்க்கிழமை தன்ஷிகா வந்தாள். கணினி பார்க்கிற பெண். குச்சியை முன்பக்கத் துளையிலிருந்து உருவிப் பின்பக்கத்தில் செருகினாள். இரும்பு பீரோ அலையை மறைக்கிறதோ என்று நீட்டிப்பு வயர் போட்டு ஜன்னலோரம் தொங்கவிட்டாள். சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினாள்.

"எப்பங்கம்மா கட்டாகுது?"

"நாலுக்குப் பேச ஆரம்பிப்போம். நாலு பதினொன்னுக்குப் போயிரும் கண்ணு."

"வாராவாரம் டாண்ணு பதினொன்னுங்களா?" தன்ஷிகா சிரித்தாள். "கெட்டுப்போன குச்சிக்கு மணி பாக்கத் தெரியாதுங்களே."

கணினியின் பதிவேட்டைத் திறந்து கீழே உருட்டினாள். சிரிப்பு நின்றது.

"குச்சி நல்லாத்தான் இருக்குதுங். தேவையில்லாதப்ப நிறுத்துன்னு ஒரு டிக் இருக்கும், மானியோட உத்தரவு அது வழியாத்தான் வரும். பன்னெண்டு வாரமும் மானிதான் நிறுத்தச் சொல்லியிருக்குது."

"அவன் சலிச்சுப் போயிட்டானா?" சுகன்யாவின் உதடு நடுங்கியது. ஹேமலதாவிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்பது பாதி தயாராகியும் விட்டது.

"அவரு பக்கம் தொண்ணூத்தி நாலுங்கம்மா. ஒரு வாரமும் குறையல." தன்ஷிகா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இது உங்க பக்கம். நாலு மணிக்கு அறுபது. அஞ்சு நிமிசத்துல இருபது. பதினொன்னுல ரெண்டு. பன்னெண்டுல பாருங், எண்பத்தெட்டுக்கு ஏறுது. அப்ப எங்க போவீங்?"

சுகன்யா எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"இந்த நம்பர் அவனுக்குத் தெரியுமா?"

"புதுத் திரைல எதிராளி நம்பர் ஓரத்துல ஓடிட்டே இருக்குமுங். உங்களுது பழசு, காட்டாது. அவரு மொத வாரமே பாத்திருப்பாரு."

பார்த்துவிட்டுத்தான் குச்சியின் மேல் பழியைப் போட்டிருக்கிறான்.

"அந்த டிக்க எடுத்து விட்டுரு சாமி."

"சீல் வெச்சிருக்காங்கம்மா. இந்த ஞாயிறும் அணைஞ்சா, திங்கக்கெழமை பட்டியல்ல போட்டு ஒட்டிருவாங்."

யுகேந்திரன் நல்ல பிள்ளை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு அப்படியே அவன் அப்பாவுடையது. கதவைப் பூட்டினியா, மாத்திரை போட்டியா, யார் வந்தது, எதற்கு வந்தது. முப்பது வருடம் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் அவள். அவர் போன பிறகுதான் பசித்தபோது சாப்பிட்டாள், நினைத்தபோது வெளியே போனாள். வீட்டுக்குள் தனியாக நடக்கும்போது சில சமயம் பாடவும் செய்தாள். ஒரு விதவை இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மகனுக்காக ஏங்குகிறேன் என்றால் ஊர் காபி கொடுத்துக் கேட்கிறது.

ஞாயிறு நான்கு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தாள். மாத்திரை, பூட்டு, யார் வந்தது என்று அவன் வரிசையாகக் கேட்டான். அவள் பட்டியலை நினைத்தாள். அதில் தன் பெயர். மூன்றாம் மாடிக்காரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கிறாள்: பெத்த புள்ளகிட்டப் பேசறதே வீணாமா. நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்கு பதினொன்று வந்து போயிற்று. விளக்கு எரிந்தது. நாலரைக்கும் எரிந்தது. மகனின் முகத்தை அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை, விளக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுகேந்திரன் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்தான்.

"என்ன சாமி?"

"தொண்ணூத்தாறும்மா. இங்க ஒரு நம்பர் ஓடும், உனக்குத் தெரியாது. நான்தான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "வேலைய எழுதிக் குடுத்துட்டு அடுத்த மாசமே வந்தர்றேன். பின்னாடி ரூம் போதும் எனக்கு. இனி உன்னத் தனியா விடறதில்ல."

சுகன்யாவுக்குக் கைகால் சில்லிட்டது. பட்டைக்கடியில் நாடி துள்ளியது, கண் விரிந்தது. எவ்வளவு துடிக்கிறது என்பதுதான் மானிக்குத் தெரியும். எதற்காக என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"நூறும்மா!" அவன் அழுதுகொண்டே சிரித்தான். "நூறு காட்டுது!"

"வா சாமி" என்றாள் சுகன்யா. வேறு என்ன சொல்ல முடியும்?

அவன் பின்னறைக்கு அலமாரி எந்த மூலையில், கட்டில் எந்தப் பக்கம் என்று அடுக்கத் தொடங்கினான். இந்த இழவு விளக்கு இப்போதாவது அணையாதா என்று உடம்பெல்லாம் ஏங்க அவள் பார்த்தாள். அந்த ஏக்கத்தையும் மானி தேவை என்றே எடுத்துக்கொண்டது. பச்சை விளக்கு சிமிட்டக்கூட இல்லை.