சம்மதக் கையெழுத்து

அன்று காலை பார்வதியம்மாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

வக்கீல் தாணுமாலையன் முன்கட்டு ஆபீசிலிருந்து குரல் கொடுத்துப் பார்த்தார். பிறகு அவரே சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன பார்வதி, கட்சிக்காரங்க வந்து உக்காந்திருக்காவ. இன்னும் காப்பி வரலையே?"

"சுப்ரஜாவுக்கு என்ன சொல்லுதிய அத்தான்?"

"நேத்தே சொல்லிட்டம்லா..."

நேற்று அவர் சொன்னது இதுதான். ஆபீசில் அவருக்கு அடுத்த நாற்காலி கணேஷ்ராமுக்கு. கணேஷ்ராம் பார்வதியம்மாளின் மகள் சுப்ரஜாவோடு சேர்ந்து பி.எல். முடித்தவன். தாணுமாலையனின் மகளைக் கட்டி மருமகனாக வரப்போகிறவன்.

பார்வதியம்மாளின் கணவர் தன் அண்ணன் தாணுமாலையனிடமே குமாஸ்தாவாக இருந்தார். கேஸ் கட்டோடு சைக்கிளில் கோர்ட்டுக்குப் போகையில் லாரி அடித்து இறந்தார். "உன் பிள்ளைய நான் வக்கீலாக்குதேன். அவ என் பக்கத்தில உக்காருவா" என்று தாணுமாலையன் பதினாறாம் நாள் விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. இங்கேயே இருந்து வீட்டுக்கும் ஜூனியர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் சமைத்துப் போட்டாள்.

டவுணில் மற்ற சீனியர்களிடமும் சுப்ரஜா போய்க் கேட்டுவிட்டாள். "உங்க பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்மா" என்றார்கள். பெரியப்பா சொல்லவில்லை.

"கோர்ட்டு வேப்பமரத்தடில போய்ப் பாரு" என்றார் தாணுமாலையன். "புதுசா முடிச்சவனெல்லாம் அபிடவிட்டுக்கு ஆள் பிடிக்க அடிச்சிக்கிடுதான். பொம்பளப் பிள்ளை அங்கன நின்னு என்ன செய்யும்? கெட்டிக் குடுத்துரு."

"உங்க மருமகனும் புதுசுதான?"

"அவன் ஆம்பள. நாளைக்கு ஒரு குடும்பத்தத் தாங்கணும்."

"நானும் ஒரு குடும்பத்தத் தாங்கினவதான் அத்தான்... அடுப்படியில நின்னு!"

அவர் திரும்பிப் போனார். பார்வதியம்மாள் முகம் கழுவி, சேலை மாற்றி, மகளைக் கூட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள்.

"என்ன தாயி, காப்பியக் காணும்? நான் கொண்டாந்த கருப்பட்டி தீந்துட்டோ?" என்று சிரித்தார் உடன்குடி வியாபாரி சுடலைக்கண்ணு. நிலத் தகராறுக்காக முதல் பஸ்ஸில் வந்தவர்.

அவள் சிரிக்கவில்லை. புது வக்காலத்து ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"அவுக விபத்துக் கேசுக்கு நான் வக்கீல் மாத்துதேன். சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சுப்ரஜா எட்டாம் வகுப்புப் படித்தபோது போட்ட நஷ்டஈட்டு வழக்கு. தாணுமாலையன்தான் வக்கீல். இன்னும் வாய்தாவில் இருந்தது. கட்சிக்காரர் வக்கீலை மாற்றலாம். ஆனால் புது வக்காலத்தில் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுத வேண்டும்.

கட்சிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பி மனைவியே வக்கீலை மாற்றுகிறாள்!

"யாருக்கு மாத்துத?"

"எம் மகளுக்கு."

"உள்ள போ. பைய பேசிக்கிடலாம்."

"பையப் பைய பேசித்தான் கேஸ் இப்பிடிக் கெடக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கட்சிக்காரங்க முன்னால மானத்த வாங்காத... கணேஷ்ராம் எந்திரிச்சிருவான். நாற்காலி அவளுக்கே. போதுமா?"

கணேஷ்ராம் பாதி எழுந்துவிட்டான்.

சுப்ரஜாவின் கண்கள் நிறைந்தன. அவள் ஆசைப்பட்ட நாற்காலி. "அம்மா..." என்றாள்.

"உக்காரணும்னா உக்காரு பிள்ள. நான் தடுக்கல."

சுப்ரஜா கண்ணைத் துடைத்தாள். தன் பேனாவின் மூடியைக் கழற்றிப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"நான் எழுதலைன்னா?"

"ஜட்ஜய்யாகிட்ட மனுப் போடுவா" என்றாள் பார்வதியம்மாள். "ஏன் மாத்துதன்னு கேப்பாரு. நான் சொல்லுவேன்."

தாணுமாலையன் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பார்வதியம்மாள் அதை எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டே போகிறவளாக மகளோடு வாசலுக்கு நடந்தாள்.

உள்ளிருந்து அவர் மனைவி ஓடிவந்து பார்வதியம்மாளைக் கட்டிக்கொண்டாள். "போகாதடீ... என்னையத் தனியா விட்டுட்டுப் போகாத!"

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லக்கா." அவளை அணைத்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு கைகளை மெல்ல விலக்கினாள்.

வாசலில் சுடலைக்கண்ணு எழுந்து நின்றார். தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார்.

"தாயி, நம்ம கேசையும் பாப்பாட்ட மாத்திரலாமா?"

அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் எழுந்தார்கள்.

பார்வதியம்மாள் திரும்பித் தாணுமாலையனைப் பார்த்தாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க அண்ணாச்சி. எல்லாரும் ஒரே நாள்ல வந்தா அத்தானுக்குக் கை வலிக்கும்."