பதினெட்டாவது ஆணி

"அனுமதிச் சீட்டு முடிய ஆறு நிமிடம். ஒரு வீட்டின் சம்மதம் வரவில்லை" என்றது வாசலில் நின்ற ஆளில்லாத் தண்ணீர் லாரி.

எந்த வீடு என்று மட்டும் சொல்லாது. அந்த விவரமெல்லாம் லாரிக்கு எதற்கு என்று குடியிருப்போர் கூட்டத்தில் மேசையைத் தட்டியதே செயலாளர் பொற்கொடிதான்.

முன்பு லாரியிடம் முழுச்சாவி இருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டால் தொட்டி எப்போதும் அதற்குத் திறக்கும். போன பங்குனியில் ஊற்றிய தண்ணீரையே உறிஞ்சிப் போய் அடுத்த தெருவில் விற்றுவிட்டது. அதன் பிறகுதான் சீட்டுமுறை. பத்து நிமிடம்தான் ஆயுள். ஊற்றுவதோ உறிஞ்சுவதோ, சீட்டில் எழுதிய வேலைக்கு மட்டும் தொட்டி திறக்கும். அதற்கும் பதினெட்டு வீட்டாரும் தத்தம் சம்மத வில்லையை, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த பொத்தான் வைத்த சின்ன வட்டை, அழுத்த வேண்டும்.

மதியம் பொற்கொடியின் மகளுக்கு வளைகாப்பு. அறுபது பேர் வருகிறார்கள். குழாயில் காற்றுதான் வந்தது.

முதல் மாடி ஞானசெல்வியின் கதவைத் தட்டினாள்.

"வில்லைய அழுத்துனியா இல்லையா?"

"அது எப்பவோ போயிருக்குமேக்கா."

"போயிருக்குமேன்னா? நீ அழுத்தலையா?"

"கீழ வாட்ச்மேன் சுடலை அண்ணன்ட்ட கேளுங்க."

காவலர் அறைச் சுவரில் பதினெட்டு ஆணிகள். பதினேழில் வில்லைகள் தொங்கின.

"ஊருக்குப் போனா சாவியக் குடுத்துட்டுப் போவாங்கல்லாம்மா, அது மாதிரிதான்" என்றார் சுடலை. "ஒவ்வொரு லாரிக்கும் எல்லாரும் அடுப்ப அணைச்சிட்டு ஓடி வர முடியுமா? எல்லாத்தையும் நானே அழுத்திருவேன். உங்க வில்லை மட்டும்தான் இங்க இல்ல. நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நானும் கேக்கல."

வளைகாப்பு வேலையில் அழுத்த மறந்த அவளுடைய வில்லை நான்காம் மாடியில், கடலைப்பருப்பு டப்பாவின் மேல் இருந்தது. மூச்சிரைக்க ஏறி அதை எடுத்தபோது லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

வளைகாப்புக்கு வந்தவர்கள் கேன் தண்ணீரில் கை கழுவினார்கள். "செயலாளர் வீட்லயே தண்ணி இல்லையா?" என்றார் சம்பந்தியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுநாள் காலை பொற்கொடி இறங்கி வந்தாள். பதினெட்டாவது ஆணியில் தன் வில்லையை மாட்டினாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் சுடலை. "நாளைக்கு நான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேம்மா. பத்து நாளாவும். பதிலுக்கு ஒரு ஆளு சொல்லிட்டேன். இந்த லாரிய விடுற தண்ணிக் கம்பெனியில இருக்கவருதான். அவரே வந்து கேட்டாரு."