சட்டியில் கிடந்த குட்டி

மூடியிருந்த அலுமினியச் சட்டிக்குள் ஏதோ தட்டியது.

மாரீஸ்வரி போனைக் கீழே வைத்தாள். மீன் சந்தைக்கு வரும் சுறாக்களை நாடாவால் அளந்து, சினையா இல்லையா என்று பார்த்து, படத்தோடு கடல் ஆய்வுக் குழுவுக்கு அனுப்புவது அவளும் தாராவிப் பெண்கள் சிலரும் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. கடலில் சுறா அற்றுப்போகிறதா என்று அறியத்தான்.

மழை இருட்டு. கரண்ட் போயிருந்தது. பக்கத்துப் பட்டறையின் தோல் நாற்றத்தையும் மீறி, வீட்டுக்குள் உப்பு வீச்சம் ஈரத்துணி போல மூக்கில் அப்பியது. மூடியைத் தூக்கினாள். அரைச்சட்டித் தண்ணீரில் முழங்கை நீளச் சுறாக்குட்டி. வயிற்றில் தொப்புள்கொடி அறுபடாமல் தொங்கியது.

பிறந்த குட்டியல்ல. தாயைக் கிழித்து எடுத்தது.

"ஏலே ராஜபாண்டி, எங்கல வாங்குன இத?"

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "பூமாரிக்குத்தாங்க்கா. புள்ள பொறந்தும் பால் ஊறல. சுறாப்புட்டு தின்னா ஊறும்லா."

"சினைச்சுறாவ அறுக்காதீங்கன்னு சந்தையில தொண்ட கிழியக் கத்துறேன். நீ என் சட்டியிலயே கொண்டாந்து போடுற. வெக்கமா இல்ல?"

"எம்புள்ள பசியில கத்துறது ஒனக்குக் கேக்கல. செத்த மீனுக்குப் பரிஞ்சு பேசு."

"இன்னும் சாகலல அது."

"அப்ப அளந்து எழுதி வையி. பால் பவுடர் வாங்கிட்டு வாரேன்." கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

மாரீஸ்வரி மூடியை ஆத்திரத்தோடு தரையில் போட்டாள். திரும்பிப் பையில் நாடாவைத் தேடினாள். பின்னால் தண்ணீர் சிந்தும் சத்தம்.

சட்டி காலி.

சிமெண்ட் தரையில் கொழகொழவென்று ஒரு ஈரத்தடம். சுவரோரமாக வளைந்து, தம்பி மனைவி பூமாரி படுத்திருந்த பக்கம், திரைக்கு அடியில் நுழைந்திருந்தது.

"பூமாரி."

திரைக்குப் பின்னாலிருந்து சப்பும் சத்தம் மட்டும். ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது. பிள்ளை குடிக்கிறது.

அப்போது தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை அழுதது. கம்மிப்போன குரலில்.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.

திரையை விலக்கினாள். பூமாரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

"பால் வந்துட்டு மைனி."

"புள்ள அழுவுதுல்லா, பூமாரி. தூக்கு."

"அதுக்கு நான் இருக்கேன். இதுக்கு யாரு இருக்கா? நம்மதான கிழிச்சோம்."

பூமாரி திரும்பினாள். முந்தானைக்குக் கீழே நீண்டிருந்த சாம்பல் நிற வால் தரையைத் தட்டியது. அவள் மடி நனைந்திருந்தது. பாலும் சிவப்பும் கலந்து.

தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.