சோப்பில் ஒட்டிய மணல்

அவர் கடைசியாக வீட்டிலிருந்து எடுத்துப்போனது குளியலறைச் சோப்பில் பாதி.

கடலில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் சோப்பை அடைத்துக் கயிற்றில் இறக்கினால், கடலடியில் கிடக்கும் மணலோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். அளவைப் படகில் என் கணவருக்கு அதுதான் வேலை. ஓர் ஆள் இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஆழத்தையும் தரையையும் சேர்த்தே கூவ வேண்டும்: “ஆறு பாகம், மணல்!”

“முழுசா எடுத்துட்டுப் போங்களேன்” என்றேன், அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்தேன்.

“அப்புறம் நீ எதுல குளிப்பே? நான் திரும்பி வந்து வாசல்லயே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?”

சிரித்தபடி கத்தியால் சோப்பை நடுவில் அறுத்தார்.

அதே அலுவலகத்தில், வரைபட அறையில் எனக்கு வேலை. எங்கள் கடல் முழுக்கப் பவளப்பாறைகள். பழைய கப்பல்கள் அவற்றைக் கண்ணால் கண்டதைவிட அடிவயிற்றால் கண்டதே அதிகம். தப்பியவர்கள் குத்துமதிப்பாகச் சொன்ன இடத்தில், உடைந்த கப்பலின் பெயரிலேயே பாறையைக் குறித்து, பக்கத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதிவைப்பார்கள். மூன்று முறை தனித்தனியாகத் தேடியும் அகப்படாத பாறையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். சுரண்டுவது நான்.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்க்கரைக் கப்பல் உடைந்த பாறையை அப்படித்தான் சுரண்டினேன். கோப்பில் மூன்று அறிக்கைகள் இருந்தன.

புது வரைபடத்தோடு போன அவர் படகு திரும்பவில்லை. ஒன்பது பேர்.

கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது அறிக்கையிலும் மூன்றாவதிலும் ஒரே காற்று, ஒரே அலை. மதியம் சுக்கான் கயிறு அறுந்த நேரம்கூட ஒன்றே. மூன்றாவது, இரண்டாவதன் நகல். தேடியது இரண்டே முறை.

கோப்பை இருந்த இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

படகு போன பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை காலை. குளியலறைச் சன்னலில் நல்ல வெயில். கதவைத் திறந்ததும் வற்றிய கடலின் வாடை அடித்தது. கிண்ணத்திலிருந்த பாதிச் சோப்பில் வட்டமாக ஒரு பள்ளம். அதில் வெள்ளை மணல்.

சுவருக்குள்ளிருந்து, களைத்துப்போன குரல்.

“அஞ்சு பாகம்… மணல்.”

அவர் குரல்.

சோப்பைக் கழுவினேன். இரண்டு முறை நழுவியது.

வெள்ளிக்கிழமை: “நாலு பாகம்… சிப்பி.”

அன்று மாலை கொழுந்தனார் வந்தார். இன்னொரு அளவைப் படகில் எஞ்சின் ஓட்டுகிறவர்.

“அண்ணி, திங்கக்கிழமை நாங்க தேடப் போறோம். அண்ணன் சட்டைத் துணியாவது கெடைக்காதா?”

“எந்த வரைபடம்?”

“புதுசுதான். நீங்க வரைஞ்சதாச்சே, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்.”

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மூன்று பாகம், பவளம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாகம், பவளம்.

திங்கட்கிழமை விடிந்ததும்—

“ஒரு பாகம்…”

அவ்வளவுதான். தரையைச் சொல்லவில்லை. தரையைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

சோப்பைப் பார்த்தேன்.

ஒரு பொத்தான் ஒட்டியிருந்தது. அதன் துளைகளில் நீல நூல்.

ஈரக்காலோடு படகுத்துறைக்கு ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் சொன்னேன். கொழுந்தனார் எஞ்சினை அணைத்தார். தலைமை வரைவாளர் கோப்பை வரவழைத்து, இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மூணுன்னு எண்ணினது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“ஒன்பது பேரு, அண்ணி” என்றார் கொழுந்தனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

படகு அங்குலம் அங்குலமாக ஆழம் பார்த்துக்கொண்டு போனது. பாறை இருந்தது. அதற்கு மேல் ஒரு பாகம்தான் தண்ணீர். இப்போது வரைபடத்தில் அதற்கு இரண்டு பெயர்கள்: சர்க்கரைக் கப்பலின் பெயர், எங்கள் படகின் பெயர். ‘சந்தேகம்’ இல்லை.

இனி ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையும் வந்தது. “ஒரு பாகம்…” பிறகு மௌனம். படகில் குறிப்பெடுப்பவர் திருப்பிச் சொல்லும்வரை அவர் அப்படித்தான் காத்திருப்பார். நான் திருப்பிச் சொல்கிறேன். ஆனாலும் அவர் தரையைச் சொல்வதில்லை. அங்கே கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் சொல்வதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தினமும் அந்தச் சோப்பில்தான் குளிக்கிறேன்.

இன்னும் பாதி இருக்கிறது.