குரல் பேசும்போது

டிவி பேசிய அந்த நொடியில் வெளியே மழைச்சத்தம் தாழ்ந்தது போலிருந்தது சௌம்யாவுக்கு.

திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் அவள் மட்டும்தான். நனைந்த மிதியடியின் வாடை, ஸ்டேஷன் பக்கமிருந்து மின்சார ரயிலின் நீண்ட ஊதல், தலைக்கு மேலே மின்விசிறியின் கடகடப்பு என்று வழக்கமான சாயங்காலம். அண்ணன் பூபாலன் போன பிறகு யாருமே போடாத டிவி தானாக ஒளிர்ந்தது. “புதிய அப்டேட் நிறுவப்பட்டது,” என்றது அதன் பெண்குரல். “இனி குரல் பேசும்போது மற்ற சத்தங்கள் தானாகக் குறையும்.”

பூபாலனுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல் இருந்தால்தான் அவருக்கு டிவி. படத்தின் இரைச்சலில் அது அமுங்கிப்போனதால் முழுச் சத்தத்தில் வைப்பார். இதைச் சரி பண்ணுங்க சார் என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சுவார். அடுத்த அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் சௌம்யாவுக்குத் தலை வெடிக்கும்.

ஒரு மழைநாள் மதியம், அவர் பாத்ரூமுக்குப் போன நேரம் பார்த்து, குரலை அணைத்துவிட்டாள்.

“சௌம்யா, டிவி பேச மாட்டேங்குது. ஒயர் போச்சா பாரேன்.”

காதில் ஹெட்போன். இருந்தும் கேட்டது. கேட்காதது போல இருந்தாள்.

“சரி, நீ வேலய பாரு. நானே மாடிக்குப் போயி பாத்துகினு வரேன்.”

டிஷ் ஒயர் இருக்கும் மொட்டைமாடியெல்லாம் ஈரம். ஒரு பக்கம் கைப்பிடிச்சுவர் கட்டி முடிக்கவில்லை.

கீழே ஆட்கள் கூடிய பிறகு அவள் முதலில் செய்தது, ரிமோட்டை எடுத்துக் குரலை மறுபடி போட்டதுதான். காற்று வாங்கப் போனார் என்று எல்லோரிடமும் சொன்னாள். போலீசிடமும்.

இப்போது, “அமைப்புகள்,” என்றது டிவியின் குரல். மழைச்சத்தம் மங்கியது.

“குரல் வழிகாட்டி.” ரயிலின் ஊதல் பாதியில் தேய்ந்தது.

“அணைக்கப்பட்டது.” மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓசையில்லை.

அன்றைக்கு அவள் அழுத்திய அதே வரிசை.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

“சௌம்யா,” என்றது குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல். “டிவி பேச மாட்டேங்குது. ஒயர் போச்சா பாரேன்.”

“அண்ணா...” உதடு அசைந்தது. அவள் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை. நான்தான் அணைச்சேன்ணா, நான்தான் என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

“ஒயர் போச்சா பாரேன்.”

ஓடினாள். தாழ்ப்பாள். கதவு.

வெளியே எதிர்வீட்டு மங்களம், கையில் பால் பாத்திரத்தோடு. சௌம்யா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். மங்களத்தின் வாய் அசைவது தெரிந்தது. இன்னாம்மா, இன்னாச்சு?

“ஒயர் போச்சா பாரேன்.”

இப்போது அது டிவியிலிருந்து வரவில்லை. பிடரிக்குப் பக்கத்தில். ஈரமாக.

மங்களத்தின் பார்வை மெல்ல நகர்ந்து சௌம்யாவின் தோளுக்கு மேலே போய் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. பாத்திரம் கை நழுவி, படிக்குப் படி மோதி உருண்டு கீழே போனது.

சத்தமே இல்லை.