அவன் சொன்ன ருசி

ஏரியைப் பார்த்த நாற்காலியில் அவள் கணவன் தானாகவே போய் உட்கார்ந்தான்.

அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. இந்த ஏரியில் அவனுடைய அண்ணன் மூழ்கிப்போன கோடைக்குப் பிறகு, பஸ் இந்தப் பக்கம் திரும்பினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் அவன். உடல் கிடைக்கவேயில்லை. அப்படிப்பட்டவன்தான், கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று அவள் கேட்டதும், கரையோரம் புதிதாகத் திறந்திருந்த இந்த விருந்து வீட்டைச் சொன்னான். துக்கம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

பழைய வீட்டின் கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே, அந்தி மங்கி மை பூசிக்கொண்டிருந்த தண்ணீர். நீள மேஜையைச் சுற்றி முன்பின் தெரியாதவர்கள் கல்யாண வீட்டுக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அங்கிச் சமையல்காரர் வந்து நின்றார்.

"இங்க எதுவும் கடையில வாங்கினது இல்லீங்க. எல்லாம் இந்த ஏரி குடுத்தது. அவசரப்படாம சாப்பிடுங்க. ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு வரும்."

எத்தனை வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவள் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. அவளுடைய தையல் கடையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாரோ ஒருத்தியின் பட்டு ரவிக்கை கருகியதைப் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கவளத்துக்கும் அவன்தான் அவளுக்கு நாக்கு. உப்பு குறைவு, புளி தூக்கல் என்று சலிக்காமல் சொல்வான். அவர்கள் வீட்டில் கொஞ்சல் என்றால் இப்போது அதுதான்.

முதலில் கரையோரக் கீரையின் சாறு வந்தது.

"எப்படி இருக்கு?"

"மழை விட்டதும் புல்லு வெட்டினா வருமே, அந்த மாதிரி. கடைசியில லேசா ஒரு கசப்பு."

அடுத்து, மரப்பட்டையில் சுட்ட காளான். அவன் நீண்ட நேரம் மென்றான்.

"ஊறின மரம். பழைய படகோட அடிப்பலகை."

"நீங்க எப்பங்க படகைக் கடிச்சீங்க?"

அவன் சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கிண்டலுக்கு எப்போதும் முதலில் சிரிப்பவன் அவன்தான். கண்கள் தண்ணீர் மேலேயே இருந்தன. கூடத்தில் பேச்சுச் சத்தம் எப்போது அடங்கியதென்று அவளுக்குத் தெரியவில்லை; கரண்டிகள் தட்டில் உரசும் ஒலியும், அதற்கு அடியில், படிக்கட்டில் அலை மோதுவதுபோல் எல்லோரும் ஒரே தாளத்தில் விழுங்கும் ஒலியும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

மீன் வந்தது. வாயில் வைத்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எரியுது," என்றான்.

"காரமா?"

"இல்ல. மூக்குக்குள்ள தண்ணி ஏறினா எரியுமே... கால்ல கொடி சுத்தியிருக்கு. மேல வெளிச்சம் தெரியுது. எவ்வளவு உதைச்சாலும் அது கிட்ட வரமாட்டேங்குது."

அவள் கை மேஜைத்துணியைப் பற்றியது. எதிரே ஒரு பெரியவர் கண்ணை மூடியபடி, "சின்னப் பாப்பா, கையை விட்றாதே," என்று தட்டிடம் முனகினார். அவருக்குப் பக்கத்தில் ஒருத்தி அழுதுகொண்டே தட்டை வழித்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

"போதும். எழுந்திரிங்க, போலாம்."

தட்டை இழுத்தாள். அவன் விடவில்லை. அவ்வளவு பலம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? குனிந்து அவன் காதருகே போனபோது, காய்ச்சலுக்குப் பிறகு முதன்முதலாக, அவளுக்கு ஒரு வாசனை வந்தது.

சேறு. அழுகிய பாசி. அதற்கும் அடியில், மலிவுச் சவரச் சோப்பும் புகையிலையும். கணவன் புகைப்பதில்லை. மூழ்கிப்போன அவனுடைய அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாலே வாசல்வரை அடித்த வாசனை அது. இப்போது கணவனின் மூச்சிலிருந்து வந்தது.

"என்னங்க... என்னைப் பாருங்க."

"அண்ணன்தான் என்னை இங்க வரச் சொன்னான். ரொம்பப் பசியாம்." குரல் தொண்டைக்குக் கீழே எங்கோ கொப்பளித்தது. "இப்ப நான் சாப்பிடல. என் நாக்குல அவன் சாப்பிடுறான்."

பின்னால் சமையல்காரரின் குரல், மிக மெதுவாக: "தட்டை வச்சிடுங்கம்மா. பாதியில நிறுத்தக் கூடாது."

அவள் தட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். யாரும் திரும்பவில்லை. அவன் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். சில்லிட்டிருந்தது. சட்டைக்குள் எலும்பு வரை சில்லிட்டிருந்தது.

"துப்புங்க! எல்லாத்தையும் துப்புங்க!"

அவன் அவள் பக்கம் திரும்பினான். கன்னங்கள் உப்பியிருந்தன. கண்கள் அவனுடையவைதான். பயத்தில் விரிந்து, அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

அண்ணாந்து, மெல்ல வாயைத் திறந்தான்.

உள்ளே உதடு வரை தண்ணீர். கறுப்புத் தண்ணீர். சிந்தவில்லை. அசையவில்லை. விளக்கு அதில் ஒரு புள்ளியாய் மிதந்தது.

பிறகு அந்தப் புள்ளி கலைந்தது.

ஊறி வெளுத்த நான்கு விரல்நுனிகள் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்து, அவன் கீழ்ப்பற்களை, கரையைப் பிடிப்பதுபோல், இறுகப் பற்றின.